சூடறியாத சாட்சி



இந்த வாரம் ஒரு சிறிய பித்தளைத் துண்டைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். கட்டைவிரல் அளவே உள்ள அந்தப் பொருள் நம் சபைக் காரின் என்ஜினில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் இருந்தது. அது அங்கே இருப்பதை நம்மில் எவரும் அறிந்திருக்கவில்லை. அது தவறாகச் சொல்லத் தொடங்கியபோதும் எவரும் அறியவில்லை. அதன்பேரில் விழவேண்டிய பழி ஒரு வாலிபன்மேல் விழுந்தது. அந்தத் தம்பியின் சம்மதத்தைக் கேட்டுப் பெற்ற பின்பே இதை எழுதுகிறேன்.

முதலாவது, அந்தப் பொருளின் வேலையைச் சொல்லவேண்டும். குளிர்ந்திருக்கும் என்ஜினுக்குச் சற்று அதிகமான பெட்ரோல் வேண்டும். ஏனெனில் குளிர்ந்த உலோகத்தின்மேல் படும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் ஈரமாகவே ஒட்டிக்கொள்ளுகிறது. என்ஜின் சூடேறிய பின்போ அத்தனை பெட்ரோல் தேவைப்படாது. கார்பரேட்டர் உள்ள வண்டிகளை ஓட்டிய பெரியவர்கள் இதை நன்றாய் அறிவார்கள். காலையில் 'சோக்' இழுத்து வண்டியைக் கிளப்புவார்கள். சற்றுத் தூரம் போனதும் அதை உள்ளே தள்ளிவிடுவார்கள். தள்ள மறந்தால் சைலன்சரிலிருந்து கரும்புகை வரும், பெட்ரோலும் வீணாகும்.

1967-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் 'டி-ஜெட்ரானிக்' என்னும் அமைப்பை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் கொண்டுவந்தது. நம் நாட்டிலோ 2000-ஆம் ஆண்டையொட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோதுதான் புதிய கார்களிலிருந்து கார்பரேட்டர் மறையத் தொடங்கிற்று. அதன்பின் சோக்கை இழுக்கவும் தள்ளவும் மனிதனுடைய கை தேவைப்படவில்லை. எவ்வளவு பெட்ரோல் தெளிக்கவேண்டும் என்பதை வண்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கணினியே தீர்மானிக்கிறது.

ஆனால் அந்தக் கணினி என்ஜினைத் தொட்டுப் பார்க்க முடியாது. என்ஜின் சூடாயிருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா என்பதை யாராவது அதற்குச் சொல்லவேண்டும். கூலன்ட் வெப்பநிலை சென்சார் இருப்பது அதற்காகவே. அதன் நுனி, என்ஜினைச் சுற்றி ஓடும் நீரில் எப்போதும் நனைந்தபடி இருக்கும். அதன் உள்ளே இருப்பது, சூடு ஏற ஏற மின்தடை குறைகின்ற ஒரு பொருள். நம் வண்டியில் உள்ள வகையில், 20 டிகிரி வெப்பத்தில் அந்தத் தடை ஏறக்குறைய 2,400 ஓம் இருக்கும்; 80 டிகிரியில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அந்த எண்ணைக் கொண்டே கணினி வெப்பத்தை அறிந்து, பெட்ரோலைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

இனி நம் காரைக் குறித்துச் சொல்லுகிறேன். 2004-ஆம் ஆண்டில் வாங்கிய அந்த வண்டி இப்போது வாரத்தில் 3 நாட்கள் பாளையங்கோட்டைக்குப் போய்வருகிறது. போக 20 கிலோமீட்டர், வர 20 கிலோமீட்டர். நம் சபையின் ஆச்சி ஒருவருக்கு டயாலிசிஸ் செய்வதற்காகவே இந்தப் பயணம். ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் அவர்கள் அந்த இயந்திரத்தோடு இணைக்கப்பட்டுப் படுத்திருக்கவேண்டும். முடிந்து வரும்போது பேசவும் பெலன் இருக்காது. சீக்கிரமாய் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்றே அவர்களுடைய விருப்பமாயிருக்கும்.

சில மாதங்களாக இந்தப் பயணத்தில் ஓர் இடையூறு உண்டாயிற்று. விடியற்காலையில் வண்டி ஒரே சாவித்திருப்பில் கிளம்பும். சிகிச்சை முடியும்வரை நின்று குளிர்ந்த பின்பும் தடையில்லாமல் கிளம்பும். ஆனால் திரும்பும் வழியில் மருந்துக்கடை வாசலில் 10 நிமிடம் நிறுத்திவிட்டால் மறுபடி கிளம்ப மறுத்துவிடும். வெயிலில், மூடிய காருக்குள், அந்த ஆச்சி பின்னிருக்கையில் சாய்ந்தபடி காத்திருப்பார்கள். ஒரு நாள் அவர்கள், "என்னாலதான் உங்க எல்லாருக்கும் இந்தப் பாடு. நான் இனி வரல" என்று சொன்னதாக அறிந்தேன். வண்டி பழையதாயிற்று, விற்றுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. விற்றால் வேறு வண்டி வாங்கும் வசதி நமக்கு இல்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

இதனோடு கூட இன்னொரு காரியமும் சேர்ந்துகொண்டது. முன்பெல்லாம் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, 11 கிலோமீட்டருக்குமேல் கொடுக்கவில்லை. வாரத்துக்கு 120 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 8 லிட்டர் போதுமாயிருந்தது. இப்போது 11 லிட்டர் ஆயிற்று. வாரம் 3 லிட்டர் என்றால் 4 வாரங்களில் 12 லிட்டர். இன்றைய விலையில் அது 1,200 ரூபாய்க்கும் மேல். அந்தப் பணம் எங்கே போகிறது?

கணக்குகளைப் பார்க்கும் பெரியவர் கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டார். காணிக்கைப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது அவருடைய பொறுப்பு. அவருடைய கணக்கில் ஓர் இலக்கமும் பிழையில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு டிரைவர் டேங்கிலிருந்து குழாய் போட்டுப் பெட்ரோல் எடுத்து விற்றது பிடிபட்டதும், அவர் வேலையை விட்டு நீக்கப்பட்டதும் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த நினைவும் இந்தக் கணக்கும் ஒன்றாய்ச் சேர்ந்தன. எவரும் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. சாவி ஒருவரிடம் மட்டும்தானே இருக்கிறது.

அடுத்த நாள் காலை அந்தத் தம்பி என்னிடம் வந்தார். சாவியையும், ஒவ்வொரு லிட்டரையும் தேதியோடு எழுதிவைத்த நோட்டையும் மேசைமேல் வைத்தார். "ஐயா, நான் எடுக்கல. ஆனா எடுக்கலங்கிறத எப்படிக் காட்டுறதுன்னு எனக்குத் தெரியல" என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. பிரியமானவர்களே, எடுத்தவனுடைய கையில் பொருள் இருக்கும்; அது அகப்பட்டால் வழக்கு முடிந்துபோகும். எடுக்காதவன் தன் வெறுங்கையைக் காட்டினால் அதை யார் ஏற்றுக்கொள்வார்கள்? நோட்டை என்னிடம் வைத்துக்கொண்டு, சாவியை அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தேன். இரண்டு வாரம் பொறுத்திருங்கள் என்று குழுவாரைக் கேட்டுக்கொண்டு, வண்டியை ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோனோம்.

வேறொரு பட்டறையில் அதற்கு முன்பே பிளக்குகளையும் ஏர் ஃபில்டரையும் மாற்றியிருந்தார்கள். அதனால் பலன் உண்டாகவில்லை. அண்ணாச்சி முதலில் அந்தப் புதிய பிளக்குகளில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். அதன் முனையில் உலர்ந்த கரி, அடுப்புப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல் படிந்திருந்தது. சைலன்சரின் வாயை விரலால் துடைத்து அந்தக் கறுப்பையும் எங்களுக்குக் காட்டினார். "ஐயா, களவு போன பெட்ரோல் இப்படிக் கரியா வந்து நிக்காது. எல்லாம் இந்த என்ஜின் குடிச்சதுதான்" என்றார். தம்பி அந்தப் பிளக்கைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ஜின் ஏன் அளவுக்கு மீறிக் குடிக்கிறது? அதைக் கண்டுபிடிக்க, சூட்டைச் சொல்லும் சென்சாரைத் தேடவேண்டியிருந்தது. அது எங்கே இருக்கிறதென்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. ரேடியேட்டரின் மேற்பக்கத்திலிருந்து என்ஜினுக்குப் போகும் தடித்த ரப்பர்க் குழாயை அண்ணாச்சி கையால் தடவிக்கொண்டே போனார். அது என்ஜினைச் சேருமிடத்தில் தெர்மோஸ்டாட் உறை இருக்கிறது. காற்றுக் குழாயைக் கழற்றி, எண்ணெயும் புழுதியும் கலந்த அழுக்கைத் துடைத்தபோது, ஒன்றல்ல, இரண்டு பித்தளைத் தலைகள் அருகருகே தெரிந்தன.

ஒன்றுக்கு ஒரே கம்பி. மற்றொன்றுக்கு இரண்டு கம்பிகள். ஒற்றைக் கம்பியுள்ளது டிரைவருக்கு முன்பாக இருக்கும் வெப்ப முள்ளுக்குச் செய்தி சொல்லுவது. இரட்டைக் கம்பியுள்ளதே கணினிக்குச் செய்தி சொல்லுவது. ரேடியேட்டரின் விசிறியை ஓட்டுவதற்கு இந்தப் பழைய வண்டியில் தனியாக ஒரு சுவிட்சும் உண்டு. ஆக ஒரே நீரின் சூட்டை மூன்று பேர் மூன்று இடங்களுக்கு அறிவிக்கிறார்கள். முள் சரியாகவே நடுவில் நின்றது. விசிறியும் சரியான நேரத்தில் ஓடிற்று. ஆகையால் சூட்டைச் சொல்லுவதில் குறை இருக்கும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

என்ஜின் நன்றாய்ச் சூடேறி விசிறி ஓடி நின்ற பின்பு, அண்ணாச்சி இரட்டைக் கம்பியின் இணைப்பைக் கழற்றினார். கம்பிகளில் களிம்பு பிடித்திருக்கிறதா என்று முதலில் பார்த்தார், இல்லை. பின்பு மல்டிமீட்டரைச் சென்சாரின் இரண்டு முனைகளிலும் வைத்தார். 300 ஓமுக்கும் குறைவாகக் காட்டவேண்டிய இடத்தில் ஏறக்குறைய 2,000 ஓம் காட்டிற்று. அது 25 டிகிரி வெப்பத்துக்குரிய எண். என்ஜின் தகித்துக்கொண்டிருக்கும்போது, "இன்னும் குளிராகவே இருக்கிறது" என்று அது கணினிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கணினியும் அதை நம்பி, இழுத்த சோக்கைத் தள்ளாத டிரைவரைப்போலப் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டிருந்தது. சூடான என்ஜினை நிறுத்தி மறுபடி கிளப்பும்போது அந்த அதிகப் பெட்ரோலே பிளக்குகளை நனைத்தது.

அப்படியானால் எச்சரிக்கை விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டேன். இதுபோன்ற பழைய வண்டிகளில் பெரும்பாலானவை, சென்சாரின் கம்பி அறுந்துபோனால் அல்லது ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால் மட்டுமே விளக்கை எரியவிடும் என்று அவர் விளக்கினார். நம்பத்தகாத எண் வந்தால் கணினி விழித்துக்கொள்ளும். 25 டிகிரி என்பதோ நம்பத்தக்க எண். எங்கள் ஊரில் விடியற்காலையில் என்ஜின் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் இருக்கும்.

சென்சாரை அவர் உடனே கழற்றவில்லை. சூடான என்ஜினில் நீர் அழுத்தத்தோடு நிற்கும். மூடியைத் திறந்தாலே முகத்தில் பீறிட்டு அடித்துவிடும். ஆகவே இரவெல்லாம் ஆறவிட்டு, மறுநாள் வரச் சொன்னார். கணக்குப் பார்க்கும் அந்தப் பெரியவரையும் என்னோடு வரும்படி அழைத்தேன். அவரும் மறுக்காமல் வந்தார். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, ரேடியேட்டரிலிருந்து கொஞ்சம் நீரை இறக்கியபின், 19 அளவுள்ள ஆழமான சாக்கெட்டைப் போட்டுப் பழைய சென்சாரை அண்ணாச்சி வெளியே எடுத்தார். கண்ணுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

புதியதைப் பூட்டுமுன் அவர் ஒரு சோதனை செய்தார். அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, பழையதையும் புதியதையும் கம்பியில் கட்டி, நுனி மட்டும் நனையும்படி தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் வைத்தார். மீட்டரைக் கையில் பிடித்து எண்களைச் சத்தமாய் வாசித்தவர் நம் பெரியவரே. தண்ணீர் 30 டிகிரியில் இருந்தபோது புதியது 1,650, பழையது 2,000. 60 டிகிரியில் புதியது 600-க்குக் கீழே வந்தது, பழையது 1,950. 80 டிகிரியில் புதியது 310, பழையது 1,900. அந்தக் கடைசி எண்ணை அவர் இரண்டு முறை வாசித்தார். பின்பு மீட்டரைக் கீழே வைத்துவிட்டு, தம்பியின் தோளில் கைவைத்து, "ஐயா கூட்டத்துல இத நானே சொல்லுதேன்" என்றார்.

புதிய சென்சாரைப் புதிய செப்பு வாஷரோடு முதலில் கையாலேயே திருகி, அதன்பின் ஸ்பேனரால் அளவோடு இறுக்கினார்கள். அந்த உறை அலுமினியம்; பெலத்தைக் காட்டினால் மரை போய்விடும். கூலன்ட் ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே என்ஜினை ஓடவிட்டு, உள்ளே அடைபட்ட காற்று குமிழிகளாய் வெளியேறும்வரை காத்திருந்து, குறைந்ததை நிரப்பி மூடினார்கள். பொருளின் விலை சில நூறு ரூபாய். அதன்பின் 5 வாரங்கள் ஆகின்றன. வண்டி லிட்டருக்கு 14-க்கும் 15-க்கும் நடுவில் கொடுக்கிறது. மருந்துக்கடை வாசலில் ஆச்சி காத்திருப்பதில்லை.

பிரியமானவர்களே, இந்தக் காரியத்தில் கணினி கெட்டுப்போகவில்லை. பெரியவருடைய கணக்கும் கெட்டுப்போகவில்லை. இரண்டும் தமக்குக் கிடைத்த சாட்சியத்தின்படி சரியாகவே தீர்மானித்தன. குறை சாட்சியத்தில் இருந்தது. அந்தச் சாட்சியம் முழுப்பொய்யும் அல்ல. விடியற்காலையில் 25 டிகிரி என்று அது சொன்னபோது ஏறக்குறைய உண்மையையே சொன்னது. சூடு ஏறியபின்பும் அதையே சொல்லிக்கொண்டிருந்ததுதான் அதன் கேடு. முந்திய டிரைவர் பெட்ரோல் எடுத்தார் என்பதும் ஒரு காலத்தில் உண்மையே. அந்த உண்மை வேறொரு மனிதன்மேல், வேறொரு காலத்தில் வைக்கப்பட்டபோது அநியாயமாயிற்று. அது நம்பத்தக்கதாய் இருந்தபடியால் நம்மில் ஒருவருக்குள்ளும் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை.

மோசேயின் நியாயப்பிரமாணம் ஒருவனைக் குற்றவாளியாகத் தீர்க்க ஒரே சாட்சி போதாது என்கிறது. இரண்டு மூன்று சாட்சிகளைக் கேட்கிறது. சாட்சி சொல்லுகிறவனையும் நன்றாய் விசாரிக்கும்படி நியாயாதிபதிகளுக்குக் கட்டளையிடுகிறது. குற்றஞ்சாட்டப்பட்டவனை மாத்திரம் அல்ல, குற்றஞ்சாட்டுகிற சாட்சியையும் விசாரிக்கவேண்டும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அண்ணாச்சி அதைத்தான் செய்தார். பிளக்கின் கரியைக் கேட்டார், முள்ளைக் கேட்டார், விசிறியைக் கேட்டார், கடைசியில் சந்தேகத்துக்குரிய சாட்சியை வெந்நீரில் நிறுத்திக் கேட்டார்.

நம் வீடுகளிலும் இப்படிப்பட்ட சென்சார்கள் உண்டு. பள்ளிப்பருவத்தில் ஒருமுறை பொய் சொன்ன மகன் 30 வயதான பின்பும் பொய்யனாகவே எண்ணப்படுகிறான். கடனைத் தாமதமாய்த் திருப்பிக்கொடுத்த சகோதரன், அதன்பின் எத்தனை முறை சொன்ன நாளில் கொடுத்தாலும் தாமதக்காரனாகவே இருக்கிறான். வந்த முதல் மாதத்தில் மருமகளைப்பற்றி மாமியார் கொண்ட எண்ணம் பேரப்பிள்ளைகள் வளர்ந்த பின்பும் மாறுகிறதில்லை. ஒரு நாளில் சரியாய் அளந்த அளவையை நாம் அதன்பின் மீட்டர் வைத்துப் பார்ப்பதே இல்லை. அந்த அளவை கெட்டுப்போனதற்கு விலை செலுத்துகிறவர்களோ பெரும்பாலும் எதிர்த்துப் பேச வழியில்லாதவர்களாய் இருக்கிறார்கள்.

நம் பெரியவர் தாம் சொன்னபடியே செய்தார். சந்தேகம் எழுந்த அதே கூட்டத்தில், அதே கணக்குப் புத்தகத்தைத் திறந்து, 12 லிட்டர் எங்கே போயிற்று என்பதை எல்லாருக்கும் முன்பாக வாசித்தார். அது நிகழ்ச்சிக் குறிப்பிலும் எழுதப்பட்டது. காதோடு காதாய்ப் பரவிய ஒரு சந்தேகத்தை இரகசியமாய்த் திருத்த முடியாது. எத்தனை பேர் அறியக் கெட்டதோ, அத்தனை பேர் அறிய அந்தப் பெயர் திரும்பக் கட்டப்படவேண்டும். இதை அவர் செய்ததற்காக நான் அவருக்கு நன்றியுள்ளவனாய் இருக்கிறேன்.

இந்த வாரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். பல ஆண்டுகளாக நீங்கள் ஒரே எண்ணத்தோடு பார்த்துவரும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணம் எந்த நாளில் உண்டாயிற்று, அதன்பின் அவரோடு உட்கார்ந்து பேசி அதைச் சோதித்தது எப்போது என்று உங்களையே கேளுங்கள். நாள் நினைவுக்கு வராவிட்டால், அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். நம் இருதயங்களை ஆராய்ந்து அறிகிற தேவன், நாம் பிறரைக்குறித்து வைத்திருக்கும் அளவைகளையும் நமக்கு உணர்த்தித் திருத்துவாராக. ஆமென்.